வீணை யாருடைய வாத்தியம்?



ஜூபிலி மலர் என்றால் கோயில் எழும்பிய வரலாறு, பங்கை நடத்திய குருக்களின் வரிசை, கெபியும் மணிக்கூண்டும் கட்டப்பட்ட கதை ஆகியவற்றையே முதலில் புரட்டிப் பார்ப்போம். அவை இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. இந்தச் சில பக்கங்களில் நான் எழுத விரும்புவது ஒரு வாத்தியத்தின் வரலாறு. நம் பாடற்குழுவில் முதலில் ஆர்மோனியம் இருந்தது. பிறகு கிட்டார் வந்தது, கீபோர்டும் வந்தது. எவரும் ஒன்றும் சொல்லவில்லை. வீணையைச் சேர்க்கலாமா என்ற பேச்சு எழும்போது மட்டும், "அது கலைமகள் கையில் இருக்கும் வாத்தியம் ஆயிற்றே, பீடத்தின் அருகே அதற்கு என்ன வேலை?" என்ற ஐயம் நம்மில் சிலருக்கு உண்டாகிறது. கோயிலின்மீது உள்ள பற்றினால் பிறக்கும் ஐயம் அது. ஆகவே மதித்துப் பதில் சொல்ல வேண்டிய ஐயம். பதில் வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றில் ஒரு பெரும் பகுதி நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்திலேயே நடந்தது என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

தாவீது மீட்டியது எது?

150ஆம் திருப்பாடலை நாம் அடிக்கடி பாடுகிறோம். எபிரேய மூலத்தில் அங்கே நேவெல், கின்னோர் என்ற இரு நரம்புக் கருவிகள் பேசப்படுகின்றன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் அவ்விடத்தில் வீணை, யாழ் என்ற பெயர்களை வழங்குகிறது. பழைய புரொட்டஸ்டாண்டு மொழிபெயர்ப்பிலோ தாவீதின் கையில் இருப்பது சுரமண்டலம். அப்படியானால் ஆடு மேய்த்த அந்த இளைஞர், சவுல் அரசரின் மனக்கலக்கம் தீர மீட்டியது எது?

இதை அறிய நரம்புக் கருவிகளை மூன்று குடும்பங்களாகப் பிரித்துக்கொள்வது நலம். முதற் குடும்பம் வில்லைப் போன்றது. அடியில் ஒரு பத்தர், அதிலிருந்து வளைந்து எழும் ஒரு கோடு, இரண்டுக்கும் இடையே வெவ்வேறு நீளமுள்ள நரம்புகள். ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். நம் முன்னோரின் யாழ் இவ்வகை. ஆங்கிலத்தில் இதை ஹார்ப் என்பர். இரண்டாம் குடும்பத்தில் பத்தரிலிருந்து இரண்டு கொம்புகள் எழும்பும். அவற்றை ஒரு குறுக்குக் கட்டை இணைக்கும். நரம்புகள் அந்தக் கட்டையில் கட்டப்படும். இது லயர். ஆபிரகாமின் ஊர் என்று நாம் மறைக்கல்வியில் படித்த ஊர் என்னும் பண்டை நகரத்தை, இன்றைய ஈராக்கில், லெனார்டு வூலி என்ற ஆங்கிலேயர் 1920களில் அகழ்ந்தார். அப்போது கிடைத்த, ஏறத்தாழ 4500 ஆண்டு பழமையான கருவிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. தாவீதின் கின்னோரும் இக்குடும்பத்தது என்பதே அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. மூன்றாம் குடும்பத்தில் ஒரு குடமும் ஒரு நீண்ட கழுத்தும் உண்டு. தந்திகள் கழுத்தின்மேல் நெடுக ஓடும். இடக்கை விரல் தந்தியை அழுத்தும் இடத்துக்கு ஏற்ப ஒரே தந்தியில் பல சுரங்கள் பிறக்கும். இதற்கு லூட் குடும்பம் என்று பெயர். வீணையும் மாண்டலினும் கிட்டாரும் இக்குடும்பத்துப் பிள்ளைகளே.

எனவே கண்டிப்பாகச் சொன்னால் தாவீது மீட்டியது யாழும் அன்று, வீணையும் அன்று. மொழிபெயர்த்தவர்கள் தங்கள் மக்களுக்குத் தெரிந்த கருவிகளுள் மிக உயர்ந்ததன் பெயரைச் சூட்டினார்கள். தமிழர் மட்டுமல்லர், எல்லா நாட்டாரும் இப்படியே செய்தனர். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் பல இடங்களில் கித்தாரா என்று எழுதினர். அது கிரேக்கர் தங்கள் அப்பல்லோ தேவனின் கையில் வைத்து வணங்கிய கருவி. அந்தக் கித்தாரா என்னும் சொல்லிலிருந்துதான் கிட்டார் என்னும் பெயரே வந்தது. அப்பல்லோவின் கருவிப் பெயரைத் தாங்கிய கிட்டாரை நாம் ஐயமின்றிக் கோயிலுக்குள் வரவேற்றோம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

போகிற போக்கில் ஒன்று: நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு 1690இல் ஆங்கிலேயர் வைத்த புனித தாவீது என்ற பெயர் இவ்வரசருடையது அன்று. வேல்ஸ் நாட்டின் பாதுகாவலரான ஆயர் தாவீதுடையது என்பர். அந்த நாட்டுக்கும் தேசிய வாத்தியம் ஹார்ப் என்பது ஓர் இனிய ஒற்றுமை.

எருக்கத்தம்புலியூரும் திருவாமூரும்

தமிழகத்து யாழ் வேடனின் வில்லிலிருந்து பிறந்தது என்பர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, ஓர் இடையன் குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரை நாணாகக் கட்டி வில்யாழ் மீட்டுவதைக் காட்டுகிறது. மேய்ச்சல் நிலத்தில் நரம்பு மீட்டியது தாவீது மட்டும் அல்லர். இந்த எளிய கருவி பாணர் கையில் வளர்ந்து, தோல் போர்த்த பத்தரும், நரம்பை இறுக்கும் திவவு என்னும் வார்க்கட்டும் கொண்ட நுட்பமான வாத்தியமாயிற்று. பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று சிலப்பதிகார உரை கணக்குச் சொல்கிறது. கொள்ளிடத்துக்குத் தெற்கே பூம்புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் பிரியக் காரணமான பாட்டு, யாழ் மீட்டிப் பாடிய பாட்டே.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். விருத்தாசலத்துக்கு வடக்கே, வீரமாமுனிவரின் பெயரோடு விளங்கும் கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருத்தலத்துக்கு நம்மில் பலர் போய் வந்திருக்கிறோம். அதே விருத்தாசலத்துக்குத் தெற்கே ராஜேந்திரப்பட்டினம் என்று ஓர் ஊர் உண்டு. அதன் பழைய பெயர் திருஎருக்கத்தம்புலியூர். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர் அது. அவர் தம் மனைவி மதங்கசூளாமணியாரோடு ஊர் ஊராகச் சென்று, திருஞானசம்பந்தர் பாடிய பதிகங்களை யாழில் இட்டு வாசித்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது.

அதே நூற்றாண்டில், பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்தவர் திருநாவுக்கரசர். நம் திருப்பாதிரிப்புலியூரோடும் அவருக்கு உள்ள தொடர்பு யாவரும் அறிந்ததே. சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்டபோது அவர் பாடியதாகச் சொல்லப்படும் பதிகம் வீணையின் பெயரோடுதான் தொடங்குகிறது. ஆக, ஒரே நூற்றாண்டில், இன்றைய கடலூர் மாவட்ட எல்லைக்குள்ளேயே, ஒருவர் யாழை மீட்டினார். மற்றொருவர் வீணையைப் பாடினார்.

அக்காலத்து வீணை இன்று நாம் காணும் வீணை அன்று என்பதையும் சொல்ல வேண்டும். வீணை என்னும் பெயர் வடநாட்டில் முதலில் வில் வடிவக் கருவியையே குறித்தது. 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட சமுத்திரகுப்தரின் பொற்காசு ஒன்றில் அரசர் அமர்ந்து மீட்டுவது அத்தகைய கருவியே. பிறகு கழுத்துள்ள கருவிகள் பெருகப் பெருக, அந்தப் பெயர் மெல்ல அவற்றுக்கு உரியதாயிற்று. கருவி மாறியது, பெயர் நின்றது.

பாட்டு நரம்பை மீறிய கதை

யாழ் ஏன் மறைந்தது? பெரியபுராணத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி இதற்கு ஒளி தருகிறது. காரைக்காலை அடுத்த தருமபுரம் யாழ்ப்பாணருடைய தாயார் பிறந்த ஊர். அங்குள்ள உறவினர், "சம்பந்தர் பாட்டு உலகில் பரவக் காரணம் நம் பாணரின் யாழ்தான்" என்று பெருமை பேசினார்கள். அதைக் கேட்டுப் பதறிய யாழ்ப்பாணர், யாழுக்குள் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடி உண்மையை உலகுக்குக் காட்டுமாறு சம்பந்தரைத் தாமே வேண்டினார். சம்பந்தர் பாடினார். பாணரால் அதை வாசிக்க முடியவில்லை. இனி இந்த யாழ் எதற்கு என்று அதை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அவர் கையைத் தடுத்து யாழைக் காப்பாற்றினார். அப்பதிகத்துக்கு யாழ்முரி என்று பெயர் வந்தது.

பக்தி மரபில் இது ஓர் அற்புதம். இசை வல்லார் சிலர் இதில் ஒரு தொழில் நுட்ப உண்மையையும் காண்கின்றனர். யாழில் ஒரு நரம்பு ஒரு சுரத்தோடு நின்றுவிடும். நம் பாட்டிலோ சுரங்கள் தனித்தனியே நிற்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும், அசையும், குழையும். இதைக் கமகம் என்கிறோம். கமகத்தை வாசிக்கத் தந்தியை அழுத்தவும், பக்கவாட்டில் இழுக்கவும் இடம் வேண்டும். கழுத்துள்ள கருவியில் அது எளிது. பாட்டு வளர்ந்தது, யாழ் அதற்கு ஈடு கொடுக்க இயலாமல் பின்தங்கியது என்பது அவர்கள் கருத்து.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

இது ஒரு காரணம். ஆனால் இது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஏனெனில் அதே வில் வடிவக் கருவி உலகில் வேறு இடங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பர்மாவில் அதற்குச் சவுங் என்று பெயர். அந்நாட்டின் மிக உயர்ந்த வாத்தியமாக அதைப் போற்றுகின்றனர். மத்தியப் பிரதேசத்தின் மாண்ட்லா பகுதியில் பர்தான் என்னும் பழங்குடிப் பாடகர் அதே வகைக் கருவியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். அங்கே பிழைத்தது இங்கே ஏன் பிழைக்கவில்லை?

யாழ்ப்பாணரின் வரலாற்றையே மறுபடி நோக்குவோம். மதுரைக் கோயிலுக்குச் சென்றபோது அவர் வெளியே நின்று வாசித்தார். இறைவன் அடியார் கனவில் தோன்றிச் சொன்ன பிறகே உள்ளே அழைக்கப்பட்டார். தரையின் ஈரம் யாழின் நரம்பைத் தளர்த்தாதபடி அவருக்குப் பொற்பலகை இடப்பட்டது. திருவாரூரிலும் அவர் வாயிலுக்கு முன் நின்றார். அவருக்கென்று வடக்கே தனி வாயில் திறக்கப்பட்டது. இப்படிப் புராணம் சொல்கிறது. சங்க காலத்தில் வேந்தர் அவையில் பொற்றாமரைப் பூப் பரிசு பெற்ற பாணர் குலம், சில நூற்றாண்டுகளில் கோயில் வாயிலுக்கு வெளியே நிற்கும் நிலைக்கு வந்துவிட்டது என்பதே இதன் பொருள். ஒருவருக்குப் பொற்பலகை கிடைத்தது. மற்றப் பாணர்களுக்கு என்ன கிடைத்தது? காக்கும் வேந்தரும் இல்லை, வாசிக்க அவையும் இல்லை. கருவியைப் பிள்ளைக்குக் கற்பிக்கத் தகப்பனுக்கு மனம் வருமா?

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் விண்ணப்பிக்க 50 பேரை அமர்த்தினான் என்று கல்வெட்டு கூறுகிறது. அவர்களுள் 48 பேர் பாடுவோர், ஒருவர் உடுக்கை வாசிப்பவர், ஒருவர் கொட்டிமத்தளம் வாசிப்பவர். யாழ்ப்பாணர் மீட்டி வளர்த்த அந்தப் பதிகங்களுக்கு இந்தப் பட்டியலில் ஒரு யாழ் இல்லை.

இதைப் படித்து நாம் மற்றவரைக் குறைகூறிவிடக் கூடாது. நம் கத்தோலிக்கக் கோயில்கள் சிலவற்றிலும் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து உட்காரவைத்த காலம் இருந்தது. யார் கை தொட்டது என்று பார்க்கும் நோய்க்கு மத வேறுபாடு இல்லை.

தில்லையில் மீண்ட பண்கள்

யாழ் போனாலும் அதன் பண்கள் முற்றிலும் போய்விடவில்லை. அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியும் நம் வட்டாரத்தது. சிதம்பரத்தில் ஓர் அறையில் பூட்டிக்கிடந்து, செல்லரித்துப்போன தேவார ஏடுகளை இராசராசன் திறப்பித்தான் என்றும், காட்டுமன்னார்கோயிலை அடுத்த திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பி அவற்றைத் தொகுத்தார் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. ஏடு கிடைத்தது. ஆனால் எந்தப் பாட்டை எந்தப் பண்ணில் பாடுவது என்று சொல்ல ஆள் இல்லை. அரசனும் நம்பியும் எருக்கத்தம்புலியூருக்குச் சென்றார்கள். அங்கே யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணுக்குப் பண்கள் தெரிந்திருந்தன. அவளைத் தில்லைக்கு அழைத்து வந்து பண்ணடைவு வகுத்தார்கள்.

அரசனிடம் படையும் பொன்னும் இருந்தன. நம்பியிடம் கல்வி இருந்தது. ஏட்டில் எழுத்தும் இருந்தது. எல்லாம் இருந்தும், வாயிலுக்கு வெளியே நின்ற ஒரு குடும்பத்தின் பெண்பிள்ளை வாய் திறக்காமல் பாட்டு பாட்டாகவில்லை. கருவியைக் காப்பது மரமும் நரம்பும் அல்ல, அதைப் பழகிய கைகளும் செவிகளுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பண்ருட்டிப் பலாவும் தஞ்சாவூர் வீணையும்

யாழ் இருந்த இடத்துக்கு வீணை வந்தது. இன்றைய வடிவத்தை அது தஞ்சையில், இரகுநாத நாயக்கர் ஆட்சியில் (1600–1634) பெற்றது என்பது மரபு. அவருடைய அமைச்சராக இருந்தவர் பேரறிஞர் கோவிந்த தீட்சிதர். தண்டியின்மேல் 24 மெட்டுகள் நிலையாக அமைக்கப்பட்டன. ஒரு ஸ்தாயிக்கு 12 சுரத்தானம் வீதம் இரண்டு ஸ்தாயிக்கு 24. வாசிப்பதற்கு 4 தந்திகள், சுருதிக்கும் தாளத்துக்கும் பக்கத்தில் 3 தந்திகள். 21 நரம்பு கட்டிய பேரியாழ் 21 சுரங்களோடு நின்றது. 4 தந்தி கட்டிய வீணையோ மூன்றரை ஸ்தாயி பேசியது.

வீணையின் குடத்தைப் பலா மரத்தில் குடைகிறார்கள். ஒரே மரத்தில் குடமும் தண்டியும் சேர்த்துக் கடைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. தண்டியின் முனையில் யாளி முகம், மறுபுறம் தாங்குவதற்குச் சுரைக்காய், தந்தியை முறுக்கப் பிரடை, தாங்கக் குதிரை, மெட்டுகளைப் பதிக்கக் கறுப்பு மெழுகு. அந்த மெழுகில் ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டே நிறுத்த வேண்டும். அளவுகோல் மட்டும் அதற்குப் போதாது. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்தப் பலா மரம் தஞ்சைக்கு எங்கிருந்து போகிறது தெரியுமா? நம் பண்ருட்டியிலிருந்துதான். பலாச்சுளைக்கு மட்டுமே நாம் பெருமை பேசுகிறோம். உலகமெங்கும் ஒலிக்கும் வீணைகள் பல நம் செம்மண்ணில் வளர்ந்த மரங்களே. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் நம் கரையைத் தாக்கிய தானே புயலை மறந்திருக்க மாட்டீர்கள். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாக வேரோடு சாய்ந்தன. முதிர்ந்த பலா ஒரு நாளில் வருவதில்லை. தாத்தா வைத்த மரத்தைத்தான் பேரன் வெட்டுகிறான். அன்று சாய்ந்தவற்றில் எத்தனை வீணைகள் இருந்தனவோ, ஆண்டவர் ஒருவரே அறிவார்.

மேல்நாட்டிலும் இதே கதை

இது தமிழர்க்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ண வேண்டாம். அரபு மொழியில் ஊது என்றால் மரம். அதுவே அவர்களுடைய லூட் வகைக் கருவிக்கும் பெயர். முகமதியர் ஸ்பெயின் நாட்டை ஆண்டபோது அக்கருவி அங்கே வந்தது. அவர்கள் சொன்ன அல் ஊது என்பதே மேல்நாட்டார் வாயில் லூட் ஆயிற்று. 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் அரசர் பத்தாம் அல்போன்சோ தேவதாயின்மீது 400க்கும் மேற்பட்ட பாடல்களைத் தொகுத்தார். அந்த ஏட்டின் ஓவியங்களில் கிறிஸ்தவரும் முகமதியரும் பலவகை நரம்புக் கருவிகளை மீட்டுகின்றனர். முகமதியர் கொண்டுவந்த கருவி என்பதற்காக மாதாவின் பாட்டுக்கு அது தகாது என்று அந்த அரசர் தள்ளவில்லை. பின்வந்த ஓவியர்கள் வானதூதர் கையிலேயே லூட்டைக் கொடுத்தார்கள். 1724 பெரிய வெள்ளியன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பாக் அரங்கேற்றிய யோவான் நற்செய்திப் பாடுகளின் இசையில், ஆண்டவர் கசையடி பட்ட இடத்தில் உள்ளத்தைத் தியானிக்க அழைக்கும் பாட்டுக்கு லூட் துணை செய்கிறது.

அதற்குப் பின் பியானோ போன்ற உரத்த வாத்தியங்கள் வந்தன. லூட்டின் மெல்லிய குரல் அடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அதை வாசிப்பவரைக் காண்பதே அரிதாயிற்று. 1893இல் ஆர்னால்டு டோல்மெட்ச் என்பவர் இங்கிலாந்தில் பழைய கருவிகளைப் பார்த்துத் தாமே ஒரு லூட்டைச் செய்தார். அங்கிருந்து அது மெல்ல உயிர்பெற்று, இன்று மேல்நாட்டு இசைக்கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. லூட்டுக்கு என்றே எழுதி அச்சிட்ட இசைக் குறிப்புகள் 1507 முதலே இருந்தன. ஆகவே அதை மீட்பது கூடியது. நம் யாழுக்கு அப்படிப்பட்ட குறிப்புகள் இல்லை.

யாழைத் தேடிய துறவி

குறிப்புகள் இல்லாவிட்டாலும் தேடியே தீருவேன் என்று ஒருவர் புறப்பட்டார். அவர் சுவாமி விபுலானந்தர். 1892இல் இலங்கையின் கிழக்குக் கரையில் காரைதீவில் பிறந்தவர். மட்டக்களப்பில் இயேசு சபைக் குருக்கள் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியில் படித்தார். பின்னர் யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றினார். அதன் பிறகே இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார். 1931இல் நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக வந்து 1933 வரை இருந்தார். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்து, யாழின் வடிவத்தையும் சுர அமைப்பையும் வகுத்தார். பல்லாண்டு உழைப்பின் பயனாகிய யாழ் நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்புதூரில் அரங்கேறியது. அவர் கண்ட முறைப்படி செய்த யாழும் அங்கே மீட்டப்பட்டது. உடல் நலிந்திருந்த அவர் அடுத்த மாதம் 19ஆம் தேதி இறைவனடி சேர்ந்தார்.

அவருக்கு முன்னரே தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் என்ற கிறிஸ்தவ மருத்துவர் இத்துறையில் இறங்கியிருந்தார். 1916இல் பரோடா நகரில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில், தம் சுருதிக் கொள்கையை மெய்ப்பிக்கத் தம் குடும்பப் பெண்களையே வீணை வாசிக்கச் செய்தார். 1917இல் அவருடைய கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆக, யாழின் வரலாற்றை மீட்ட இருவரில் ஒருவர் கிறிஸ்தவர். மற்றவர் கத்தோலிக்கக் கல்லூரியில் பயின்று, கத்தோலிக்கக் கல்லூரியில் கற்பித்த இந்துத் துறவி. "இது யாருடைய வாத்தியம்?" என்று அவர்கள் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் நமக்கு இன்று ஒன்றும் தெரிந்திராது. அண்மை ஆண்டுகளில் சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் மறுபடியும் யாழைச் செய்து வாசித்துக் காட்டியிருக்கிறார் என்பதும் மகிழ்ச்சிக்குரியது.

திருச்சபை சொல்வது

இனித் திருச்சபையின் ஒழுங்குக்கு வருவோம். நாம் திருவழிபாட்டின் அரச வாத்தியமாக மதிக்கும் ஆர்கன் கோயிலில் பிறந்தது அன்று. கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உருவாகி, உரோமையரின் கேளிக்கை அரங்குகளில் ஒலித்த கருவி அது. 757இல் கீழை உரோமைப் பேரரசர் பிராங்க் நாட்டு மன்னர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அது கோயிலுக்குள் இடம்பெற அதற்குப் பிறகும் காலம் பிடித்தது. மறுபுறம், புனித பத்தாம் பத்திநாதர் 1903இல் விடுத்த மடலில் கோயிலில் பியானோ வாசிப்பதையே தடை செய்தார். இன்று நாம் தயக்கமின்றி வாசிக்கும் கீபோர்டு அந்தப் பியானோவின் வழித்தோன்றல்தான். 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் வயலின் முதலிய கருவிகளுக்கு இடம் தந்தார். 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, ஒவ்வொரு மக்களினத்தின் இசை மரபையும் உரிய முறையில் மதிக்கச் சொல்கிறது. தூய பயன்பாட்டுக்கு ஏற்றதாகவும், கோயிலின் மாண்புக்குத் தக்கதாகவும், நம்பிக்கையாளரின் பக்தியை வளர்ப்பதாகவும் உள்ள பிற கருவிகளையும் உரிய அதிகாரியின் இசைவோடு ஏற்கலாம் என்கிறது. கேட்க வேண்டிய கேள்வி "இது யாருடையது?" என்பது அன்று, "இது செபத்துக்கு உதவுமா?" என்பதே.

இந்தக் கேள்விக்கு வீணை நன்றாகவே விடை தரும். ஆனால் ஓர் எச்சரிக்கை. வீணையின் குரல் சிறியது. கீபோர்டும் டிரம்சும் முழங்கும் வருகைப் பாடலில் அதைச் சேர்த்தால் யாருக்கும் கேட்காது. நற்கருணை வாங்கியபின் உள்ள மௌன நேரம் அதற்கு ஏற்ற இடம். அப்போது பிள்ளைகளின் சத்தத்தையும் கைப்பேசியின் மணியையும் நாம் அடக்கிக்கொள்ள வேண்டிவரும். அதுவும் நன்மைக்கே.

நம்மால் ஆவது

ஜூபிலி நினைவாக விலையுயர்ந்த வீணை ஒன்று வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது நம் நோக்கம் அன்று. வாசிக்கக் கை இல்லாத வீணை, செதுக்கிய பலாக்கட்டை. நான் கேட்பது வேறு. இப்பங்கிலிருந்து இரண்டு பிள்ளைகள் வீணை கற்க முன்வரட்டும். ஆணோ பெண்ணோ, எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும் சரி. ஏழைப் பிள்ளையாக இருந்தால் செலவைப் பங்கு ஏற்கும். மேற்கொண்டு படிக்க விரும்புவோருக்கு, தமிழிசைக்குப் பெரும் தொண்டாற்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் பாடற்குழுவில் பழைய கீர்த்தனைகளைத் தாளைப் பார்க்காமல் பாடும் பெரியவர்கள் ஓரிருவர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அருகே இளைஞர் உட்கார்ந்து ராகத்தைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். எருக்கத்தம்புலியூரில் ஒரு பெண்ணாவது மிஞ்சியிருந்தாள். நம் தெருவில் யார் மிஞ்சுவார் என்று நமக்குத் தெரியாது.

பாபிலோனுக்கு அடிமைகளாகச் சென்ற இஸ்ராயேல் மக்கள் ஆற்றங்கரை மரங்களில் தங்கள் கின்னோர்களை மாட்டி வைத்தார்கள் என்று 137ஆம் திருப்பாடல் கூறுகிறது. துயரத்தால் வாசிக்க முடியவில்லை. ஆனாலும் அவற்றை எறிந்துவிடவில்லை. நாடு திரும்பியபோது அவர்களுடைய பாடகர்களும் உடன் திரும்பினார்கள். எஸ்ரா ஆகமம் அவர்களை எண்ணிக் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. அந்தப் பாடகர்களின் பாட்டைத்தான் நாம் இன்றும் ஒவ்வொரு திருப்பலியிலும் பதிலுரைப் பாடலாகப் பாடுகிறோம்.

இந்த ஜூபிலி ஆண்டில் உங்கள் இல்லங்களில் செபமும் பாட்டும் ஓயாதிருக்க இறைவன் அருள்வாராக.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் பங்குத் தந்தை